கணிப்பொறியே, மணி என்ன?

கோடை விடுமுறை முடிந்து, ஜூன் மாதத்தில் கணிப்பொறி அறை திறக்கப்பட்ட முதல் நாள். மூலையில் இருக்கும் பழைய கணிப்பொறியில் வகுப்பின் பெயர்ப்பட்டியலைத் தட்டச்சு செய்து சேமித்து வைத்தோம். மறுநாள் தேடினால் காணவில்லை! புதிய கோப்புகள் இருக்கும் இடத்தில் இல்லாமல், பட்டியலின் அடியில் பழங்கோப்புகளுக்கும் கீழே போய் ஒளிந்திருந்தது. தேதியைப் பார்த்தோம். 2010 ஜனவரி 1 என்றிருந்தது. அன்று நாங்கள் தொட்டிலில் கிடந்த குழந்தைகள்!

“மணி என்னவென்று அது கேட்டுத் தெரிந்துகொள்ளும் முன்பே வேலை வாங்கிவிட்டீர்களே!” என்று சிஸ்டர் சிரித்தார்கள். அந்தச் சொல்லின் பொருளைத் தேடிப் போனபோது நாங்கள் அறிந்தவற்றை இங்கே எழுதுகிறோம்.

மின்சாரம் இல்லாதபோதும் கணிப்பொறிக்குள் ஒரு சிறு கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. சட்டைப் பொத்தான் போன்ற ஒரு பாட்டரி அதற்கு உயிர் கொடுக்கிறது. அதிலுள்ள குவார்ட்ஸ் படிகம் வினாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. இந்த எண்ணைப் பதினைந்து முறை பாதியாக்கினால் சரியாக ஒன்று வரும். கணக்குப் பிரியர்கள் செய்து பார்க்கலாம். வெப்பம் மாறினால் அதிர்வும் சற்று மாறும். ஆகவே நாளுக்கு ஓரிரு வினாடி பிசகுவது இயல்பே. பாட்டரி தீர்ந்துவிட்டாலோ, தொழிற்சாலையில் பதித்த தேதிக்கே கடிகாரம் திரும்பிவிடும். எங்கள் கணிப்பொறிக்கு நேர்ந்தது அதுதான். ராஸ்பெர்ரி பை என்னும் சின்னஞ்சிறு கணிப்பொறியின் பல வகைகளில் இந்தப் பாட்டரிக் கடிகாரமே கிடையாது. நேற்றிரவு நிறுத்தியபோது இருந்த மணியையே இன்று காலை மணியாக எண்ணிக்கொண்டு அது விழித்தெழும்.

இதனால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். வங்கியின் இணையதளத்தைத் திறக்கும்போது, அது உண்மையான வங்கிதானா என்பதற்கு ஒரு மின்சான்றிதழ் காட்டப்படுகிறது. இன்ன நாள் முதல் இன்ன நாள் வரை செல்லும் என்று அதில் குறித்திருக்கும். 2010இல் இருப்பதாக நினைக்கும் கணிப்பொறி, இவ்வாண்டுச் சான்றிதழைப் பார்த்து, ‘இதற்கு இன்னும் காலம் வரவில்லை’ என்று கதவைச் சாத்திவிடும்.

சரியான மணியை அது யாரிடம் கேட்கிறது? முன்பு வானொலியில் செய்திக்கு முன் ஒலிக்கும் ‘பீப்’ ஒலியைக் கேட்டுக் கைக்கடிகாரத்தைத் திருத்திக்கொண்டது பெற்றோர் பலருக்கு நினைவிருக்கும். கணிப்பொறியோ வலையின் வழியே நேரம் காட்டும் கணிப்பொறிகளிடம் கேட்கிறது. பின்னர் அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகப் பேராசிரியரான டேவிட் மில்ஸ் 1985இல் வகுத்த என்.டி.பி. என்னும் முறை இதற்கு உதவுகிறது. பதில் வந்து சேரும்போது அது பழைய மணியாகியிருக்குமே! அதற்கும் வழி உண்டு. நம் கடிகாரத்தில் 10 மணிக்குக் கேள்வி புறப்பட்டு, 4 வினாடியில் பதில் வந்ததாகக் கொள்வோம். ‘10 மணி 5 நிமிடம் 2 வினாடி’ என்பது பதில். போக இரண்டு, வர இரண்டு. ஆகவே இப்போது 10 மணி 5 நிமிடம் 4 வினாடி. (உண்மையில் இதெல்லாம் கண்ணிமைக்கும் நேரத்திற்குள் முடிந்துவிடும்.) பல இடங்களில் கேட்டு, ஒத்துப்போகாத பதிலை ஒதுக்கிவிடுகிறது. இந்த நேரமெல்லாம் இறுதியில் அணுக் கடிகாரங்களிலிருந்து வருவது. சீசியம் அணுவின் கதிர்வீச்சு 9,19,26,31,770 முறை அதிரும் காலமே ஒரு வினாடி. இந்தியாவின் நேரத்தைப் புது தில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம் அப்படித்தான் காத்து வருகிறது.

இனித்தான் சிஸ்டர் சொன்ன ‘கேட்கும் முன்பே’ என்பதன் பொருள். வேலை தொடங்கும் முன் கடிகார முள்ளை ஒரே தள்ளாகத் தள்ளிச் சரிசெய்யலாம். தொடங்கிய பின் பின்னோக்கித் தள்ளினால், 10.05 மணி ஒரே நாளில் இருமுறை வரும். பிந்தி நடந்தது முந்தி நடந்ததாகப் பதிவாகும். அதனால் கடிகாரத்தை மெல்ல மெல்லத் தாமதப்படுத்தியே சரிசெய்ய வேண்டியிருக்கிறது. என்.டி.பி.யின் வழக்கமான உச்ச வேகம் வினாடிக்கு அரை மில்லி வினாடி. கணக்கிட்டுப் பார்த்தோம். ஐந்து நிமிடப் பிழை தீர ஏறக்குறைய ஏழு நாள் ஆகிறது!

ஆகவே வருகைப் பதிவு, பணப் பரிமாற்றம் போன்ற வேலைகளை, மணி சரியாகும் வரை நிறுத்தி வைக்கிறார்கள். அச்சிடுவது போன்றவை காத்திருக்கத் தேவையில்லை. இங்கே பலர் தவறுவது ஓரிடத்தில். மணி கேட்கும் நிரல் ஓடத் தொடங்கிவிட்டது என்பது வேறு, மணி கிடைத்துவிட்டது என்பது வேறு. கடைக்கு ஆள் அனுப்பியதுமே குழம்பு தயார் என்று இலை போடுவார்களா? லினக்ஸ் கணிப்பொறிகளில், பதில் வந்து கடிகாரம் சரியாகும் வரை காத்திருப்பதற்கென்றே தனி நிரல் உண்டு. வலை அறுந்திருந்தால் முடிவின்றிக் காத்திராமல் இருக்க, அதற்கு ஒரு கெடுவும் வைத்துவிடுவது நல்லது.

மணியை உரிய வேளைக்கு முன்பே கேட்டதால் விண்வெளியில் நேர்ந்த கதை ஒன்றும் உண்டு. 2019 டிசம்பர் 20 அன்று, போயிங் நிறுவனத்தின் ஸ்டார்லைனர் விண்கலம் ஆளில்லாமல், ரோசி என்னும் பொம்மையுடன் புளோரிடாவிலிருந்து புறப்பட்டது. பயண நேரத்தை அது அட்லஸ் ராக்கெட்டிடம் கேட்டுப் பெறவேண்டும். புறப்பாட்டுக்கான இறுதி எண்ணிக்கை தொடங்கிய பின்னரே கேட்டிருக்க வேண்டும். அது முன்னதாகவே கேட்டு வாங்கிக்கொண்டதால் கடிகாரம் 11 மணி நேரம் பிசகியது. ராக்கெட்டை விட்டுப் பிரிந்ததும், பயணத்தின் வேறொரு கட்டத்தில் இருப்பதாக எண்ணி, உரிய வேளையில் பொறியை இயக்கவில்லை. சிறு உந்துகருவிகளை ஓயாமல் இயக்கி எரிபொருளை அளவுக்கு மீறிச் செலவழித்தது. பன்னாட்டு விண்வெளி நிலையத்தை அடையாமலே, டிசம்பர் 22இல் நியூ மெக்சிகோ பாலைவனத்தில் வந்து இறங்கியது.

இறங்கிய அந்தக் கலத்திற்குக் கலிப்சோ என்று பெயரிட்டவர் சுனிதா வில்லியம்ஸ். 2024 ஜூன் 5 அன்று அதே கலத்தில் ஏறி அவர் விண்வெளிக்குச் சென்றார். அந்தப் பயணத்தில் தொல்லை தந்தவை உந்துகருவிகளும் ஹீலியம் கசிவும், கடிகாரம் அன்று.

எங்கள் மூலைக் கணிப்பொறிக்கும் புதுப் பாட்டரி போட்டாயிற்று.