விதைப் பாக்கெட் கைக்கு வந்தாச்சு... புழக்கடையில் அடுத்து என்ன?

தோட்டக்கலைத் துறையின் காய்கறி விதைத் தொகுப்பை வாங்கி வந்துவிட்டீர்களா? தக்காளி, கத்தரி, மிளகாய், வெண்டை, கொத்தவரை, கீரை என்று ஆறு வகை விதை இருக்கும். பாக்கெட்டைப் பிரிக்கும் முன் ஒரு நிமிடம் இதைப் படிச்சிடுங்க. ஏனென்றால் பலர் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் ஆறையும் கொட்டி விதைத்துவிடுகிறார்கள். எல்லாம் ஒன்றாக முளைத்து, ஒன்றாகக் காய்த்து, ஒன்றாக ஓய்ந்துவிடும். பிறகு மறுபடியும் கடைக் காய்தான். வாரம் இரண்டு நாளாவது நம் வீட்டுக் காய் சமையலுக்கு வரணும் என்றால், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விதைக்க வேண்டும்.

அதற்கும் முன்னால் வெயில். உங்கள் போனையே எடுங்கள். காலை 8 மணி, நண்பகல், மாலை 4 மணி என மூன்று நேரமும் ஒரே இடத்தில் நின்று புழக்கடையைப் படம் பிடியுங்கள். எந்த மூலையில் வெயில் விழுகிறது, பக்கத்து வீட்டுச் சுவரின் நிழல் எதுவரை வருகிறது என்பது தெரிந்துவிடும். தக்காளி, கத்தரி, மிளகாய், வெண்டை காய்க்க ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். பாதி நிழலாக இருக்கும் இடத்தில் கீரை, புதினா, கற்பூரவல்லி போதும். அங்கே தக்காளி நட்டால் செடி மட்டும் உயரமாக வளரும், காய் வராது.

வெண்டையையும் கொத்தவரையையும் நேரடியாக மண்ணில் ஊன்றலாம். வெண்டை சுமார் 45 நாளில் பறிப்புக்கு வரும். ஒன்றுவிட்டு ஒரு நாள் பறிக்கணும், விட்டால் முற்றிவிடும். முதலில் பத்து விதை, மூன்று வாரம் கழித்து இன்னொரு பத்து. ஒரு சின்னக் குடும்பத்துக்கு அது போதும். தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றையும் தட்டிலோ பழைய டப்பாவிலோ நாற்றுவிட்டுத்தான் நட வேண்டும். தக்காளி நாற்று 25 நாளில் தயாராகும், மிளகாய்க்கு 40 நாள் வரை ஆகும். மீதி விதையைப் பாக்கெட்டோடு காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஈரம் படாமல் வையுங்கள். பாக்கெட்டில் காலாவதித் தேதி இருக்கும், அதையும் பாத்துக்கோங்க.

கீரை விதைக்கு ஒரு தனி எதிரி உண்டு: எறும்பு. தூவிய ராத்திரியே தூக்கிக்கொண்டு போய்விடும். விதையை மணலோடு கலந்து தூவி, பாத்தி ஓரத்தில் ஒரு பிடி நொய்யரிசி போட்டுவிடுவது பல வீடுகளில் பழக்கம். எறும்பு அந்தப் பக்கம் திரும்பிவிடும். சிறுகீரையை 25 நாளில் வேரோடு பிடுங்கிவிடுவோம். அரைக்கீரையை மேலே கிள்ளிக்கொண்டே இருந்தால் மறுபடி மறுபடி துளிர்க்கும்.

பப்பாளி பூக்கட்டும், காத்திருங்கள்

2025 ஜூலையில் தொடங்கிய ஊட்டச்சத்து வேளாண்மை இயக்கத்தில் பப்பாளி, கொய்யா, எலுமிச்சைக் கன்றுகளும் ஒரு தொகுப்பாகக் கிடைக்கின்றன. மூன்றில் சீக்கிரம் பலன் தருவது பப்பாளிதான். அதிகமாக ஏமாற்றுவதும் அதுதான். பல ரகங்களில் ஆண் மரம், பெண் மரம் தனித்தனி. நீளமான காம்பில் கொத்துக் கொத்தாகத் தொங்கும் பூ என்றால் ஆண். தண்டை ஒட்டித் தடிப்பாக வரும் பூ பெண். பூத்த பிறகுதான் இது தெரியும் என்பதால், அதுவரை வெட்ட வேண்டாம். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 7 போன்ற ரகங்களில் பெண் மரமும் இருபால் மரமும்தான் வரும், அதனால் எந்த மரமும் வீண் இல்லை. புதிதாகக் கன்று வாங்கப் போகிறவர்கள் ரகத்தின் பெயரைக் கேட்டு வாங்குங்கள். பப்பாளியின் தண்டடியில் தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும், மேடாக்கி நடுங்கள்.

கொய்யாவும் எலுமிச்சையும் மரமாகப் போகிறவை. சுவரை ஒட்டியோ, கழிவுநீர்த் தொட்டிக்கு அருகிலோ, மழைநீர் சேகரிப்புக் குழியின் மேலேயோ நட்டுவிட்டு நாலு வருடம் கழித்து வெட்டுவது பாவம். (நிறைய வீடுகளில் இதுதான் நடக்கிறது.)

மருந்தடிக்கும் முன்

பப்பாளியில் வெள்ளையாகப் பஞ்சு ஒட்டியதுபோல மாவுப்பூச்சி வரும். 2008-ல் கோவைப் பக்கம் முதலில் தெரிந்து, தமிழகத் தோட்டங்களை நாசமாக்கிய பூச்சி இது. அதை அடக்கியது மருந்து இல்லை. 2010-ல் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட ஒரு குட்டிக் குளவி இனம். கடை மருந்தைக் கண்டபடி அடித்தால் அந்தக் குளவியும் சாகும், மாவுப்பூச்சி திரும்பி வரும். தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவுங்கள், மோசமான இலையை வெட்டி அகற்றுங்கள். தேவைப்பட்டால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைய ஒரு துளி சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளியுங்கள். குழந்தைகள் பறித்து அப்படியே வாயில் போடும் இடம் புழக்கடை, அதை மறக்க வேண்டாம்.

இன்னொன்று, இது செடிக்கான விஷயம் இல்லை. தொட்டியின் அடித்தட்டில், பூவாளியில், காலி டப்பாவில் நிற்கும் தண்ணீரில்தான் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும். முட்டை கொசுவாக மாற ஒரு வாரம், பத்து நாள் போதும். அதனால் வாரம் ஒருமுறை கவிழ்த்து, தேய்த்துக் கழுவுங்கள். முட்டை பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் என்பதால் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போகாது.

இன்னும் தொகுப்பு வாங்காதவர்கள் உழவன் செயலியிலோ தோட்டக்கலைத் துறையின் இணையதளத்திலோ பதிவு செய்யலாம். ஆதார் எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இருப்பு ஊருக்கு ஊர் மாறும், அதனால் உங்கள் வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள். செடியில் என்ன நோய் என்றே புரியவில்லையா? இலையின் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் படம் எடுத்துக்கொண்டு அங்கேயே காட்டலாம். போனிலேயே கேட்க 1800 180 1551 என்ற விவசாயிகள் அழைப்பு மையம் உண்டு, கட்டணம் கிடையாது.