பல்கலைக்கழகக் கற்பித்தலில் தொழினுட்பம்: கருவியும் கற்றலும்

"தொழினுட்பமும் கல்வியும்" என்னும் தலைப்பில் கட்டுரை எழுதுமாறு கேட்டால் எமது மாணவர்கள் பெரும்பாலும் ஒரே பாதையிலேயே செல்கின்றனர். முதலில் கணினியின் வரலாறு, அடுத்து இணையத்தின் நன்மைகள், அதற்கடுத்துக் கைத்தொலைபேசியின் தீமைகள், இறுதியில் "அளவோடு பயன்படுத்துவோம்" என்றொரு வசனம். அவ்விடையில் பிழை இருக்காது. ஆனால் ஓர் ஊர் இருக்காது, ஓர் ஆண்டு இருக்காது, ஒரு மனிதரும் இருக்கமாட்டார். நூறு விடைத்தாள்களைத் திருத்தும் ஆசிரியருக்கு அது நூற்றியோராவது விடைத்தாள் மட்டுமே.

எனவே மாணவர்களே, இவ்விடயத்தைப் பல்கலைக்கழகங்களை வைத்து விளங்கிக்கொள்வோம். நாம் கேட்கவேண்டிய கேள்வி இதுதான்: ஒரு விரிவுரையாளர் புதிய கருவியொன்றைக் கையில் எடுக்கும்போது மாணவரின் கற்றல் எப்போது உண்மையில் கூடுகின்றது, எப்போது கூடுவதில்லை?

நீங்கள் திருக்கோவிலிலிருந்து கல்முனைக்குப் பஸ்ஸில் செல்லும்போது அக்கரைப்பற்று, அட்டாளைச்சேனை, பாலமுனை ஆகிய ஊர்களைக் கடந்ததும் ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தைக் காண்கிறீர்கள். 1995ஆம் ஆண்டு பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கப்பட்ட அது, 1996இல் முழுமையான பல்கலைக்கழகமாயிற்று. 2020 மார்ச் மாதம் கொரோனாத் தொற்றின் காரணமாக இலங்கையின் எல்லாப் பல்கலைக்கழகங்களையும் போல அதுவும் மூடப்பட்டது. விடுதிகளிலிருந்த மாணவர்கள் வீடு சென்றனர். விரிவுரைகள் 'ஸூம்' வழியாக நடத்தப்பட்டன.

இங்கு ஒரு பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 'லேர்ன்' எனப்படும் இலங்கைக் கல்வி, ஆராய்ச்சி வலையமைப்பே அது. பல்கலைக்கழகங்களை இணையத்தால் இணைக்கும் இவ்வமைப்பு 1990ஆம் ஆண்டளவில், அதாவது எமது ஊர்களில் பலர் கணினியையே கண்டிராத காலத்தில், பல்கலைக்கழகங்களுக்கிடையிலான மின்னஞ்சலுடன் ஆரம்பமானது. 2020இல் விரிவுரைகளுக்கான ஸூம் வசதியை இவ்வமைப்பே பல்கலைக்கழகங்களுக்கு ஏற்பாடு செய்தது. தொலைபேசி நிறுவனங்களும் பல்கலைக்கழகக் கற்றல் தளங்களுக்கான டேட்டாக் கட்டணத்தை அப்போது அறவிடவில்லை. நாட்கூலிக் குடும்பத்திலிருந்து பல்கலைக்கழகம் சென்ற ஒரு பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய விடயம் என்பதை விளக்கத் தேவையில்லை.

ஆனால் கட்டணம் நீங்கினாலும் சிக்னல் வேண்டும், கருவி வேண்டும், மின்சாரம் வேண்டும். 2021இல் பொஹிட்டியாவ என்னும் கிராமத்தின் ஆசிரியர்களும் பாடசாலைப் பிள்ளைகளும் சிக்னலுக்காகக் காட்டுவழியே நடந்து பாறைக்குன்றில் ஏறிய செய்தி உலகப் பத்திரிகைகளில் வெளிவந்தது. 2022 மார்ச் இறுதியில் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலங்கள் வரை மின்வெட்டு நிலவியது. இவற்றையெல்லாம் 'அடைதல்' பற்றிய பிரச்சினைகள் எனலாம். பாடம் மாணவரை வந்தடைகின்றதா என்பதே இங்குள்ள கேள்வி.

இதற்கு அப்பால் இன்னொரு கேள்வி உண்டு. வந்தடைந்த பாடம் விளங்கியதா? பெரும்பாலான கட்டுரைகள் முதற்கேள்வியோடு நின்றுவிடுகின்றன. புள்ளி வித்தியாசம் ஏற்படுவது இரண்டாவது கேள்வியில்தான்.

ஒரு விரிவுரையாளர் இருபது ஆண்டுகளாகக் கரும்பலகையில் எழுதிய குறிப்பை இப்போது மல்டிமீடியாத் திரையில் காட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மாணவர்கள் முன்பு பலகையைப் பார்த்து எழுதினார்கள். இப்போது திரையைப் பார்த்து எழுதுகிறார்கள். நானும் பல்கலைக்கழகத்தில் இவ்வாறு பல மணித்தியாலங்கள் எழுதியிருக்கிறேன். அறை இருட்டாக இருந்தது என்பதைத் தவிர வேறு மாற்றம் எதுவும் இருக்கவில்லை. கருவி புதிது, கற்பித்தல் பழையது. ஸூம் வகுப்பிலும் இதுவே நடக்கலாம். எண்பது பேரின் பெயர்கள் திரையில் தெரியும். எண்பது பேரும் ஒலிவாங்கியை மூடி வைத்திருப்பார்கள். யாருக்கு விளங்கியது என்பது விரிவுரையாளருக்குத் தெரியாது.

இப்போது ஒரு பௌதிகவியல் ஆசிரியரைப் பற்றிப் பார்ப்போம். அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் 1984 முதல் கற்பித்துவருபவர் எரிக் மசூர். அவருடைய மாணவர்கள் பரீட்சையில் நல்ல புள்ளி பெற்றார்கள். விரிவுரைகள் நன்றாக இருப்பதாகவும் கூறினார்கள். 1990ஆம் ஆண்டளவில் அவர் ஓர் ஆய்வுக்கட்டுரையை வாசித்தார். கணக்குகளைச் சரியாகச் செய்யும் பல்கலைக்கழக மாணவர்கள்கூட விசை பற்றிய அடிப்படை எண்ணக்கருக்களை விளங்கிக்கொள்வதில்லை என்று அதில் கூறப்பட்டிருந்தது. தனது மாணவர்கள் அப்படியிருக்கமாட்டார்கள் என்று எண்ணிய மசூர், அந்தச் சோதனையை அவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்.

அச்சோதனையில் இடம்பெறும் வினா ஒன்றை உங்களிடமே கேட்கிறேன். பாரமான லொறியொன்றும் சிறிய காரொன்றும் நேருக்கு நேர் மோதுகின்றன. எது மற்றதன்மீது கூடிய விசையைப் பிரயோகிக்கும்?

"லொறி" என்று சொன்னீர்களா? விஞ்ஞான பாடத்தில் நியூற்றனின் மூன்றாம் விதியை நீங்கள் மனனம் செய்திருப்பீர்கள்: ஒவ்வொரு தாக்கத்துக்கும் சமனும் எதிருமான மறுதாக்கம் உண்டு. அதன்படி இரு விசைகளும் சமன். கார் அதிகம் பாதிக்கப்படுவதற்குக் காரணம் அதன்மீது கூடிய விசை தாக்குவதன்று; அதன் திணிவு குறைவாக இருப்பதால் அதே விசை அதற்குக் கூடிய ஆர்முடுகலைக் கொடுக்கின்றது. விதியை ஒப்புவித்த அதே வாய் "லொறி" என்று விடை சொல்கின்றதல்லவா? ஹார்வர்ட் மாணவர் பலருக்கும் நேர்ந்தது அதுவே. பரீட்சைக்கு ஒரு விளக்கம், வாழ்க்கைக்கு இன்னொரு விளக்கம் என்று இரண்டையும் அவர்கள் தனித்தனியே வைத்திருந்தார்கள்.

1991இலிருந்து மசூர் தமது விரிவுரையை மாற்றினார். சிறிது நேரம் விளக்குவார். பிறகு மேற்கூறியது போன்ற பல்தேர்வு வினா ஒன்றைக் கேட்பார். ஒவ்வொரு மாணவரும் முதலில் தனியாகச் சிந்தித்து விடையைத் தெரிவிக்கவேண்டும். ஏறத்தாழ எல்லோரும் சரியென்றால் அடுத்த விடயத்துக்குச் செல்வார். மிகச் சிலரே சரியென்றால் மீண்டும் விளக்குவார். விடைகள் பிரிந்து நின்றால், பக்கத்தில் இருப்பவருடன் வாதாடி அவரை இணங்கச் செய்யுமாறு கூறுவார். சில நிமிடங்களின் பின் மீண்டும் விடை கேட்பார். சரியான விடை சொல்வோரின் தொகை பெரும்பாலும் கூடியிருக்கும். நேற்று விளங்கிக்கொண்ட ஒரு மாணவருக்கு, எந்த இடத்தில் விளங்காமல் போகும் என்பது இன்னும் ஞாபகத்தில் இருக்கும். முப்பது ஆண்டுகளாக அதைத் தெரிந்து வைத்திருக்கும் பேராசிரியருக்கு அந்தத் தடுமாற்றம் மறந்துபோயிருக்கும். (ரியூசன் வகுப்பில் பின்வாங்கில் நடக்கும் எல்லாப் பேச்சும் வீண்பேச்சு அன்று என்பதை இதனால்தான் நான் நம்புகிறேன். எல்லாப் பேச்சும் பாடம் என்று இதை எடுத்துக்கொள்ள வேண்டாம்!)

தொழினுட்பம் இங்கு எங்கே வருகின்றது? தொடக்கத்தில் மாணவர்கள் எழுத்து எழுதிய அட்டைகளை உயர்த்திக் காட்டினார்கள். பின்னர் ரிமோட் போன்ற ஒரு சிறு கருவி வந்தது. அதன் பொத்தானை அழுத்தினால் எத்தனை பேர் எந்த விடையைத் தெரிவு செய்தனர் என்பது கணினியில் உடனே தெரியும். இன்று கைத்தொலைபேசியே அவ்வேலையைச் செய்கின்றது. ஆனால் அட்டைக்குப் பதிலாக இக்கருவியைக் கொடுத்தால் கற்றல் கூடுமா? கனடாவில் ஒரு கல்லூரியில் இதைச் சோதித்துப் பார்த்த நதானியல் லஸ்ரி 2008இல் முடிவை வெளியிட்டார். ஒரு வகுப்புக்கு அட்டைகள், இன்னொரு வகுப்புக்கு மின்கருவிகள். கற்பித்தல் முறை ஒன்றே. கற்றலில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் காணப்படவில்லை. விடைகளைச் சேமித்து வைத்துப் பின்னர் ஆராய முடிந்தது என்பதே கருவி ஆசிரியருக்குக் கொடுத்த மேலதிக நன்மை.

இந்த உதாரணத்தை நான் நீட்டி எழுதியதற்குக் காரணம் உண்டு. நான்கு கடதாசி அட்டைகளுக்குத் திருக்கோவிலிலும் செலவு அதிகமில்லை. எமது பாடசாலையில் கணினி அறை பூட்டியே கிடக்கின்றது என்று கவலைப்படும் மாணவர் அறியவேண்டிய செய்தி இது. கணினி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அது வரும்வரை நல்ல கற்பித்தல் காத்திருக்கத் தேவையில்லை.

தொலைக்கல்வியின் வரலாறும் இதையே காட்டுகின்றது. பிரித்தானியத் திறந்த பல்கலைக்கழகம் 1969இல் நிறுவப்பட்டு 1971இல் முதல் மாணவர்களைச் சேர்த்துக்கொண்டது. பி.பி.சி. தொலைக்காட்சியில் ஒளிபரப்பான அதன் விரிவுரைகள்தான் புகழ்பெற்றன. ஆனால் மாணவர்கள் தமது நேரத்தின் பெரும்பகுதியைத் தபாலில் வந்த அச்சுப் பாடங்களுடனும், குறிப்பெழுதித் திருப்பியனுப்பப்பட்ட ஒப்படைகளுடனும் கழித்தனர். 1980இல் நிறுவப்பட்ட இலங்கைத் திறந்த பல்கலைக்கழகமும் இவ்வழியிலேயே தொடங்கியது. தொலைக்கல்விக்காக எழுதப்படும் ஒரு பாடம் பக்கத்துக்குப் பக்கம் உங்களை நிறுத்தி வினாக் கேட்கும். எழுதுவதற்கு இடம் விட்டிருக்கும். விடையை வேறிடத்தில் வைத்திருக்கும். ஆசிரியர் அருகில் இல்லாதபோது ஆசிரியரின் கேள்வியைத் தாளில் ஏற்றுவதும் ஒரு தொழினுட்பமே.

இன்று உலகின் பல பல்கலைக்கழகங்கள் பயன்படுத்தும் 'மூடில்' என்னும் கற்றல் முகாமைத்துவ முறைமையை உருவாக்கிய மார்ட்டின் டூகியாமஸ், மேற்கு அவுஸ்திரேலியாவின் பாலைவனப் பகுதியில் வளர்ந்தவர். சிறுவயதில் அவருக்குப் பாடங்கள் விமானத்தில் வந்தன. ஆசிரியருடன் வானொலிக் கருவி வழியாகவே பேசினார். 2002இல் அவர் மூடிலின் முதற்பதிப்பை எவரும் இலவசமாகப் பயன்படுத்தலாம், மாற்றியமைக்கலாம் என்ற அனுமதியுடன் வெளியிட்டார். பணவசதி குறைந்த நாடுகளின் பல்கலைக்கழகங்களும் அதைப் பயன்படுத்த முடிவது அதனாலேயே. அதில் கலந்துரையாடலுக்கும், சிறு சோதனைக்கும், ஒப்படையைத் திருத்திக் குறிப்பெழுதுவதற்கும் இடமுண்டு. விரிவுரைக் குறிப்புகளைப் பதிவேற்றிவிட்டு மற்றப் பகுதிகளை வெறுமையாக விடுவதும் விரிவுரையாளரின் விருப்பம். அப்போது அது விலையுயர்ந்த புகைப்படப் பிரதிக் கடைதான்.

எண்ணிக்கையைப் பார்த்து மயங்காதிருக்கவும் ஓர் உதாரணம் தருகிறேன். 2011இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆசிரியர்கள் செயற்கை நுண்ணறிவு பற்றிய பாடநெறியொன்றை இணையத்தில் இலவசமாக நடத்தினர். ஏறத்தாழ 160,000 பேர் பதிவு செய்தனர். முடித்தவர்கள் 20,000 பேருக்குச் சற்று அதிகம். இதைத் தோல்வி என்று எழுதினாலும் பொருந்தாது, முழு வெற்றி என்று எழுதினாலும் பொருந்தாது. ஒரு விரிவுரை மண்டபத்தில் 20,000 பேர் அமர முடியாது. அதேவேளை, இடைநடுவில் விட்ட ஏனையோரை "ஏன் வரவில்லை?" என்று கேட்க ஒருவரும் இருக்கவில்லை.

2022 நவம்பரில் சட்ஜிபிடி வந்தபின் ஒப்படையை மாணவர் எழுதினாரா, இயந்திரம் எழுதியதா என்ற பிரச்சினை எழுந்துள்ளது. "இவ்வசனத்தை ஏன் எழுதினீர்?" என்று மாணவரை நேரில் அழைத்துக் கேட்பது இதற்கான ஒரு வழி. அதற்கு மின்சாரமும் தேவையில்லை.

பரீட்சை நோக்கில் ஒரு குறிப்பு: 'தொழினுட்பம்', 'தொழில்நுட்பம்' ஆகிய இரு வடிவங்களும் வழக்கில் உள்ளன. பாடநூல்களில் முதலாவதே காணப்படுகின்றது. எதை எழுதினாலும் கட்டுரை முழுவதும் ஒன்றையே எழுதுங்கள்.

பயிற்சி: கடந்த வாரம் நீங்கள் கற்ற ஒரு பாடவேளையைத் தெரிவு செய்க. அதில் பயன்படுத்தப்பட்ட கருவி (கரும்பலகை, வானொலி, திரை, தொலைபேசி எதுவாயினும்) பாடத்தை உங்களிடம் கொண்டுவந்து சேர்த்ததா, உங்களைச் சிந்திக்க வைத்ததா என்பதை 200 சொற்களில் விளக்குக. லொறி–கார் வினாவை வீட்டில் மூவரிடம் கேட்டு, அவர்கள் கூறிய காரணங்களை இரண்டாம் பந்தியில் சேர்த்துக்கொள்ளலாம்.