காரல்: ஒரு சிறுமீனை இனங்காண்பது பற்றி

பண்டை இலக்கியங்களில் வரும் மீன்பெயர்களுக்கு 'ஒருவகை மீன்' என்று பொருளெழுதி அமைந்துவிடும் வழக்கம் நமது உரைகளிலும் அகராதிகளிலும் உண்டு. கையுழைப்பினின்றும் விலகிநின்ற புலமையின் குறைபாடு இது. மீன்பிடிப்போர் இடும் பெயர்களோ தொழிலின் தேவையிற் பிறந்தவை. காரலை எடுத்துக்கொள்வோம்.

லெயோக்னாதிடே குடும்பத்தைச் சேர்ந்த இம்மீன்களிற் பெரும்பாலானவை 15 சென்ரிமீற்றருக்கு உட்பட்டவை. பக்கவாட்டில் தட்டையான வெள்ளியுடல்; மிகச் சிறிய செதில்கள்; கையில் எடுத்ததும் வழுக்கும் சளி. ஆயினும் உறுதியான அடையாளம் வாயேயாகும். மெல்ல இழுத்தால் அது குழாய்போல நீளும். கீழ்நோக்கி நீளுமாயின் லெயோக்னாதசு வகை; அடிச்சேற்றிலுள்ள சிற்றுயிர்களைத் தேடியுண்பது. மேல்நோக்கி நீளுமாயின், செக்குற்றர் என நெடுங்காலம் அறியப்பட்ட வகை. நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களை நாடுவது. முன்னோக்கி நீண்டு, கூரிய கோரைப்பற்களுங் காணப்படின் அது காசா; சிறுமீனையும் இறாலையும் வேட்டையாடும். வாயின் திசையிலேயே வாழ்முறை எழுதப்பட்டுள்ளது. இன்னுமொன்று: உணவுக்குழாயைச் சூழ்ந்த உறுப்பொன்றில் ஒளிரும் பற்றீரியாக்கள் குடியிருக்கின்றன, மீன் அவற்றுக்கு உறைவிடமும் ஊட்டமும் அளிக்க, அவை மீனுக்கு ஒளி தருகின்றன.

ஆழங்குறைந்த, சேறும் மணலுங் கலந்த கடலடியும் கழிமுகங்களும் கடனீரேரிகளுமே காரலின் இருப்பிடம். பாக்கு நீரிணையும் மன்னார்க் குடாவின் கரையோரப் பகுதிகளும் இவ்வியல்பின. அடியை ஒட்டிக் கூட்டமாக வாழ்வதனாலேயே, அடியை வாரிச் செல்லும் இழுவைமடிக்கு அது பெருந்தொகையாக இரையாகிறது.

சொதியாகவும் கருவாடாகவும் ஏழைவீடுகளின் உணவான இம்மீன், இழுவைப்படகுத் தொழிலின் கணக்கிற் பெரும்பாலும் 'கழிவுமீன்'. மீன்தூளாகிக் கோழித்தீவனத்திற் சேர்வது. கழிவு என்பது விலங்கியல் தந்த பெயரன்று. இறாலை நோக்கிப் புறப்பட்ட மூலதனம் சூட்டிய பெயர். பயன்மதிப்பு குன்றாதிருக்க, மாற்றுமதிப்பே இங்கு மீனை இனம்பிரிக்கின்றது.

இலங்கை 2017இல் இழுவைமடித் தொழிலைச் சட்டத்தினால் தடைசெய்தது. தமிழகக் கரையின் இழுவைப்படகுகள் எல்லை கடந்து வருவதோ நிற்கவில்லை. வடபகுதிச் சிறுதொழிலாளரின் வலைகள் அறுபடுகின்றன. இருகரையினரும் தமிழரே என்று கூறி இம்முரண்பாட்டை மறைத்தல் இயலாது. படகுக்கு உரியவர் யார், கூலிக்கு ஏறுபவர் யார் எனக் கேட்டல் வேண்டும். உரியவர் பெரும்பாலும் கரையிலிருக்க, கூலிக்கு ஏறியவரே எல்லையிற் பிடிபடுகிறார்.