நச்சு நிரலும் எங்கள் வீட்டுக் கணிப்பொறியும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. இயற்பியல்)

ஆரணி என்றவுடன் பட்டுச் சேலையைப் பற்றி விசாரிக்கத் தொடங்கிவிடுகிறார்கள் நண்பர்கள். அது திருவண்ணாமலை மாவட்டத்து ஆரணி. என் ஊர், பெரியபாளையத்திற்கும் பொன்னேரிக்கும் இடையே, ஆரணியாற்றங்கரையில் உள்ள ஆரணி. பட்டுக்கும் எங்கள் வீட்டிற்கும் தொடர்பில்லை. என் தந்தையார் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒப்பந்தத் தொழிலாளி. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான்.

எங்கள் வீட்டுக் கணிப்பொறி என் அக்காளுடையது. 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், பன்னிரண்டாம் வகுப்பில் அவளுக்குக் கிடைத்தது. அவள் மேலே படிக்கவில்லை. மறு ஆண்டே கம்பெனி பஸ் ஏறிவிட்டாள். அவளுக்குக் கிடைத்த பொறியில் படித்தவன் நான். அதில் என் பாடக்குறிப்புகள், அக்காளின் திருமணப் படங்கள், அம்மாவின் மகளிர் குழுக் கணக்கு எல்லாம் இருந்தன. எல்லாவற்றிற்கும் மேலாக எங்கள் ஆயாவின் குரல் இருந்தது. நடவுப் பாட்டும் கதைகளுமாக, தன் கைப்பேசியில் பதிவு செய்து, பஸ்ஸில் போகும்போது கேட்பதற்காக எம்.பி.3 கோப்புகளாக மாற்றி வைத்திருந்தாள் அக்காள். ஆயா 2022இல் காலமானார்.

2024 மார்ச் மாதம். கல்லூரி விழாவிற்குச் சுவரொட்டி செய்து தருகிறேன் என்று வாயைக் கொடுத்துவிட்டேன். படம் திருத்தும் மென்பொருள் ஒன்று தேவைப்பட்டது. காசு கொடுத்து வாங்க வழியில்லை. பூட்டு உடைத்த திருட்டுப் பிரதி ஒன்றை இணையத்திலிருந்து இறக்கினேன். "நிறுவும் முன் பாதுகாப்பு நிரலை அணைத்துவிடவும்" என்று அதனுடன் ஒரு குறிப்பு இருந்தது. அணைத்தேன்! திருடனே கதவைத் திறந்து வைக்கச் சொல்கிறான்; நானும் திறந்து வைத்தேன். இதை எழுத எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

திரையில் விண்டோஸ் புதுப்பிக்கப்படுவது போன்ற அறிவிப்பு தோன்றியது. நல்லதுதானே என்று சாப்பிடப் போய்விட்டேன். அந்த அறிவிப்பே போலி என்பதும், அது திரையில் ஓடும் நேரத்தில் பின்னால் வேறு வேலை நடக்கும் என்பதும் பிறகு தெரிந்தது. திரும்பி வந்தபோது ஒவ்வொரு கோப்பின் பெயருக்குப் பின்னாலும் பொருளற்ற நான்கு எழுத்துகள் ஒட்டியிருந்தன. எதுவும் திறக்கவில்லை. ஒவ்வொரு மடிப்பிலும் ஒரு கடிதம் மட்டும் புதிதாக இருந்தது: கோப்புகள் வேண்டுமென்றால் 980 டாலர்; 72 மணி நேரத்திற்குள் தந்தால் பாதி விலை, 490 டாலர். ஆடித் தள்ளுபடி போல! அந்தப் பாதி விலையே நாற்பதாயிரம் ரூபாய்; அப்பாவின் மூன்று மாதச் சம்பளம்.

நகல் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. பென்டிரைவில் ஒரு நகல் வைத்திருந்தோம். ஆனால் அன்று அதைக் கணிப்பொறியிலேயே செருகி வைத்திருந்தேன். அதையும் சேர்த்தே பூட்டியிருந்தது.

இனி, நடந்தது என்ன என்று பார்ப்போம். இவ்வகை நிரலைப் பணயநிரல் என்பர். இது புதிய சரக்கன்று. 1989ஆம் ஆண்டிலேயே ஜோசப் பாப் என்பவர் ஏறத்தாழ 20,000 நெகிழ்வட்டுகளை அஞ்சலில் அனுப்பி, கணிப்பொறிகளை முடக்கி, 189 டாலரைப் பனாமா நாட்டு அஞ்சல் பெட்டிக்கு அனுப்பச் சொன்னார். 2017 மே 12 அன்று பரவிய வான்னாகிரை சுமார் 150 நாடுகளைத் தொட்டது. கேரளத்தில் ஊராட்சி அலுவலகக் கணிப்பொறிகள்கூடத் தப்பவில்லை. 2021இல் நம் தலைமைச் செயலகத்தின் பொதுத்துறைக் கணிப்பொறிகளிலும் இத்தகைய நிரல் புகுந்தது. 2022 நவம்பரில் தில்லி எய்ம்ஸ் மருத்துவமனை பல நாட்கள் கையால் சீட்டு எழுத நேர்ந்தது. எங்கள் வீட்டுக்கு வந்ததோ ஸ்டாப் அல்லது டிஜேவியு எனப்படும் வகை. இது பெரிய அலுவலகங்களைத் தேடிப் போவதில்லை. திருட்டு மென்பொருளோடு ஒட்டிக்கொண்டு என்னைப் போன்றவர்களின் வீட்டிற்கு வருகிறது.

இது கோப்புகளை அழிப்பதில்லை, பூட்டுகிறது. பூட்டைச் சாதாரணமாக எண்ணிவிடாதீர்கள். அமுக்குப் பூட்டு ஒன்றை எடுத்துக் கொள்ளுங்கள். சாவி இல்லாமலேயே எவரும் அதை அமுக்கிப் பூட்டலாம். திறக்க மட்டும் சாவி வேண்டும். ரிவெஸ்ட், ஷமீர், ஆடில்மன் என்னும் மூவர் 1977இல் கண்ட ஆர்.எஸ்.ஏ. முறை இத்தகையதே. இரு பெரிய பகா எண்களைப் பெருக்குவது எளிது. பெருக்குத்தொகையை மட்டும் கொடுத்து அந்த இரு எண்களைக் கண்டுபிடி என்றால் முடிவதில்லை. இந்த நிரல் கையாளும் 2048 பிட் எண்ணை எழுதினால் 617 இலக்கங்கள் வரும். வங்கிகளைக் காக்கும் அதே கணிதம்தான் எங்கள் ஆயாவின் குரலையும் பூட்டிவிட்டது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. நிரல் ஓடத் தொடங்கியதும் தன் எசமானனின் சர்வரைத் தொடர்பு கொண்டு, அந்தக் கணிப்பொறிக்கென்று தனிச் சாவி ஒன்றைக் கேட்கும். தொடர்பு கிடைக்காவிட்டால் தன்னிடமுள்ள பொதுச் சாவியால் பூட்டும். அதே பொதுச் சாவியால் பூட்டப்பட்டவர் உலகில் பலர் இருப்பார்கள். எவராவது பணம் கட்டி அதைப் பெற்றுவிட்டால், எம்சிசாஃப்ட் என்ற நிறுவனம் இலவசமாகத் தரும் திறப்பு நிரலால் மற்றவர்களும் திறந்துகொள்ளலாம். கடிதத்தில் உள்ள அடையாள எண் 'டி1' என்று முடிந்தால் அது பொதுச் சாவி. எங்களுடையது அப்படி முடியவில்லை. அன்றிரவு என் கைப்பேசியில் டேட்டா தீர்ந்து போயிருந்தால் பிழைத்திருப்போம்! மற்ற நாட்களில் எட்டு மணிக்கே தீர்ந்துவிடும்.

கடைக்காரர் ஒருவரிடம் கொண்டு போனேன். பார்த்த உடனே, "பார்மட் அடிச்சுடலாம், முந்நூறு ரூபாய்" என்றார். கையில் பணம் இருந்தது. ஏனோ கொடுக்கவில்லை. அன்று அவர் சொன்னபடி செய்திருந்தால் மிச்சமும் போயிருக்கும்.

வீட்டில் சொன்னேன். அப்பா ஒன்றும் பேசாமல் சட்டையை மாட்டிக்கொண்டு இரவு ஷிப்டுக்குப் போய்விட்டார். அக்காள் கும்மிடிப்பூண்டியிலிருந்து போனில், "கல்யாணப் போட்டோ போனா போவுது, நான்தான் இருக்கேனே" என்றாள். அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஆயா பேசுனது இருக்குதாடா?" அதற்கு அன்று என்னிடம் விடை இல்லை.

நம் கல்லூரிப் பேராசிரியர் ஒருவரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் லினக்ஸ் போட்ட பென்டிரைவ் ஒன்றைக் கொடுத்து, "விண்டோஸைத் திறக்காதே, இதிலிருந்து பார். அதற்கு முன் வேறு நல்ல பொறியிலிருந்து உன் கடவுச்சொற்களையெல்லாம் மாற்று" என்றார். காரணம், இந்த நிரல் பல வேளைகளில் கடவுச்சொல் திருடும் இன்னொரு நிரலையும் கூட்டி வருகிறது. பிறகு அவர் சொன்ன ஒரு செய்திதான் எங்களைக் காத்தது. வேகமாக வேலையை முடிக்க வேண்டும் என்பதால், இந்த நிரல் ஒவ்வொரு கோப்பிலும் முதல் 150 கிலோபைட்டை மட்டுமே பூட்டுகிறது. அதற்கு மேல் உள்ளது அப்படியே இருக்கும்!

சிறு கோப்புகளுக்கு இதனால் பயனில்லை. மகளிர் குழுக் கணக்கும் என் குறிப்புகளும் முழுமையாகப் போயின. கணக்கை நோட்டுப் புத்தகத்திலிருந்து அம்மா சொல்லச் சொல்ல மீண்டும் எழுதினேன். புகைப்படத்தின் தொடக்கத்தில்தான் அதை விரித்துக் காட்டும் குறிப்புகள் இருக்கும். அவை போனால் படம் திறக்காது. அதே காமிராவில் எடுத்த நல்ல படம் ஒன்றின் தலைப்பகுதியை ஒட்டவைத்துச் சிலவற்றை மீட்டோம். மேல் பட்டை இல்லாமல், நிறம் சற்றுத் திரிந்து வந்தன. ஒரு படத்தில் மாப்பிள்ளைக்குத் தலைப்பாகையைக் காணோம். மற்றவற்றை உறவினர் வீடு வீடாகப் போய் அவரவர் கைப்பேசியிலிருந்து வாங்கினேன். போன இடமெல்லாம் கதை சொல்லியாக வேண்டும். அதுதான் பெரிய தண்டனை.

எம்.பி.3 கோப்பின் அமைப்பு வேறு. அது சிறு சிறு துண்டுகளின் சரம். ஒவ்வொரு துண்டும் தன்னைத்தானே விளக்கிக்கொள்ளும். முன்னால் உள்ளவை கெட்டாலும், ஒலிப்பான் அவற்றைத் தாண்டி அடுத்த நல்ல துண்டைப் பிடித்துக்கொள்ளும். எங்கள் பதிவுகள் வினாடிக்கு 128 கிலோபிட், அதாவது 16,000 பைட். 150 கிலோபைட் என்பது 1,53,600 பைட். வகுத்துப் பார்த்தால் 9.6 வினாடி. ஒட்டியிருந்த நான்கு எழுத்துகளை நீக்கி ஒரு கோப்பை ஓடவிட்டேன். ஆயா பேசினார்.

அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். ஒவ்வொரு பதிவிலும் முதல் ஒன்பது வினாடிக்கு மேல் இல்லை. நடவுப் பாட்டின் முதல் அடி இல்லை. அதை அம்மாவே பாடினார். கதைகள் பாதி வாக்கியத்தில் தொடங்குகின்றன. "இந்த எடத்துல 'ஆரம்பிச்சிட்டியாடீ'ன்னு அக்காளக் கேக்கும்" என்றார் அம்மா.

இப்போது அவற்றின் நகல்கள் மூன்று இருக்கின்றன: கணிப்பொறியில் ஒன்று, பீரோவில் உள்ள மெமரி கார்டில் ஒன்று, கும்மிடிப்பூண்டியில் அக்காள் வீட்டில் ஒன்று. பீரோ கார்டைச் செருகியவுடன் நகலெடுத்து உடனே கழற்றிவிடுவது அம்மாவின் பொறுப்பு. என்னை நம்புவதில்லை.

ஒரே ஒரு பதிவு மட்டும் திறக்கவில்லை. அது எட்டு வினாடிதான் இருக்கும். ஆயா என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுச் சிரிப்பது அதில் இருந்தது. 150 கிலோபைட்டிற்குக் குறைவாக இருந்ததால் முழுவதும் பூட்டப்பட்டுவிட்டது. குற்றவாளிகள் பிடிபட்டு அவர்களின் சர்வர் கைப்பற்றப்படும்போது சாவிகள் வெளியாவதுண்டு என்றும், பூட்டிய கோப்பையும் அந்தக் கடிதத்தையும் அழிக்காமல் வைத்திருக்க வேண்டும் என்றும் பேராசிரியர் கூறினார். அந்த நான்கு எழுத்தோடு அதுவும் பீரோவில் இருக்கிறது.