புதையல் காட்டும் கருவிகள்: எது மெய், எது பொய்?

எங்கள் எல்லைப்புறத்தில் புதையல் பேச்சுக்குப் பஞ்சமே இல்லை. சித்தூர், கொழிஞ்சாம்பாறை, மறையூர், நெடுங்கண்டம் என்று எங்கே போனாலும், "அந்தப் பாறைக்கடியில் ஏழு குடம் இருக்கிறதாம்" என்று சொல்ல ஒருவர் இருப்பார். நான் மின்னணுக் கருவிகளோடு பழகுகிறவன் என்பதால், "ஆழத்தில் கிடப்பதைக் காட்டும் நல்ல மெட்டல் டிடெக்டர் எது?" என்று சங்க அன்பர்கள் கேட்பதுண்டு. அவர்களுக்குச் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன்.

பேச்சு முழுவதும் கற்பனை அன்று. பாலக்காட்டுக் கணவாய் பழைய வணிகப் பெருவழி. அதன் கிழக்கே வெள்ளலூரிலும், உடுமலை வட்டாரத்துப் பூதிநத்தத்திலும் ரோமானிய வெள்ளிக் காசுகள் குவியலாகக் கிடைத்தன. மேற்கே திருச்சூர் மாவட்டத்து எய்யாலில் பொற்காசுகளும் வெள்ளிக் காசுகளும் கிடைத்தன. 2024 ஜூலையில் கண்ணூர் மாவட்டம் செங்களாயியில் மழைநீர்க் குழி வெட்டிய வேலையுறுதித் திட்டப் பெண்கள் தங்கப் பதக்கங்களையும் முத்துமணிகளையும் கண்டெடுத்தனர். ஆழம் சுமார் ஒரு மீட்டர்தான், கண்டுபிடித்தது மண்வெட்டி!

இனி கருவிக்கு வருவோம். டிடெக்டரின் கம்பிச்சுருள் மண்ணுக்குள் மாறும் காந்தப்புலத்தைச் செலுத்துகிறது. அது உலோகத்தில் சுழல் மின்னோட்டத்தை எழுப்ப, அதன் எதிரொலியைக் கருவி கேட்கிறது. போகும்போதும் திரும்பும்போதும் வலு குறைவதால், சிறு பொருளின் ஆழம் இரட்டித்தால் எதிரொலி ஏறத்தாழ 64-இல் ஒரு பங்காகிவிடும். எனவே கையில் பிடிக்கும் சாதாரணக் கருவிக்கு ஒற்றைக் காசு ஒரு சாண், மிஞ்சினால் ஒன்றரைச் சாண் ஆழத்தில்தான் அகப்படும். பத்து மீட்டரில் மோதிரத்தைக் காட்டும் என்ற விளம்பரத்தை நம்ப வேண்டாம்.

மெய்யான கருவிகள் மூன்று வகை. முதலாவது வி.எல்.எஃப். இது இரும்பையும் பிற உலோகங்களையும் ஓரளவு பிரித்தறியும். ஆனால் நம் வெட்டுகல் செம்மண்ணில் இரும்புச்சத்து மிகுதி. மண்ணே இரைச்சல் போடும். மண்ணுக்கேற்பச் சரிசெய்யும் வசதி இல்லாததை வாங்கவே கூடாது. இரண்டாவது பல்ஸ் இண்டக்ஷன். செம்மண்ணைப் பொறுத்துக்கொள்ளும், பெரிய சுருளோடு ஆழமும் போகும். ஆனால் துருப்பிடித்த ஆணிக்கும் கூவும். மூன்றாவது இரட்டைப் பெட்டி. ஒரு கோலின் இரு முனைகளிலும் அனுப்பியும் வாங்கியும் இருக்கும். ஆணியையும் காசையும் கண்டுகொள்ளாது. குடம், பெட்டி போன்ற பெரிய உலோகப் பொருளை ஒன்றிரண்டு மீட்டரிலும் உணரும். ஆழமான புதையலுக்கு ஏற்றது இதுவே.

மேக்னெட்டோமீட்டர் இரும்பை மட்டுமே அறியும். பொன்னும் வெள்ளியும் அதற்குத் தெரியா. நிலத்தடி ராடார் ஈரக் களிமண்ணில் விரைவில் அடங்கிவிடும்.

வாங்குமுன் ஒரு சோதனை செய்யுங்கள். உங்கள் தோட்டத்தில் ஒரு செப்புக்குடத்தை ஒரு மீட்டர் ஆழத்தில் புதைத்து, மேலும் நாலைந்து இடங்களில் வெறுங்குழி வெட்டி மூடுங்கள். குடம் எங்கே என்று சொல்லாமல் விற்பவரையே காட்டச் சொல்லுங்கள். மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.

அரைக் கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள தங்கத்தை நோக்கித் திரும்பும் ஆன்டெனாக் கோல்கள் சுத்த மோசடி. குவாட்ரோ டிராக்கர் என்ற அத்தகைய கோலின் விற்பனையை 1996-இல் அமெரிக்க நீதிமன்றம் தடுத்தது. ஏ.டி.இ. 651 என்பதை வெடிகுண்டு காட்டும் கருவியென்று விற்றவருக்கு 2013-இல் பிரிட்டனில் பத்தாண்டுச் சிறை. நம் பக்கத்து 'அரிசி இழுக்கும் இரிடியம் கலசம்' இவற்றின் உடன்பிறப்பே. ஏலத்தோட்டத்தை அடகு வைத்து இதில் இறங்கிய குடும்பங்கள் உண்டு.

சட்டத்தையும் மறக்கலாகாது. எல்லைக்கு இப்புறம் 1968-ஆம் ஆண்டுக் கேரளப் புதையல் சட்டம். அப்புறம் 1878-ஆம் ஆண்டு இந்தியச் சட்டம். எதுவாயினும் கிடைத்ததைக் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும், மறைப்பது குற்றம். செங்களாயிப் பெண்கள் மறைக்கவில்லை.

மறையூர் முனியறைகளை மட்டும் தொடாதீர்கள். அவை பெருங்கற்காலத்து ஈமச் சின்னங்கள். தங்கம் தேடிக் கல்லைப் பெயர்த்தால், இந்த மலையில் முன்பு வாழ்ந்தவர்களைப் பற்றிய சாட்சியம் அழிந்துபோகும். அதை எந்தக் கருவியாலும் மீட்க முடியாது.