பழைய கார்களின் முன்புறத்தில் எழும் ஒலியை அலட்சியம் செய்யலாமா?

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பது எம்மவர் முதுமொழி. பழைய கார்களுக்கும் இது பொருந்தும். முன் சில்லு ஒன்று கழன்று மடிவதற்கு முன்னர், பெரும்பாலும் அந்தக் கார் தன் நோயைத் தானே சொல்லிவிடுகிறது. பள்ளத்தில் இறங்கும்போதும் ஸ்ரியரிங்கைத் திருப்பும்போதும் எழும் 'டொக், டொக்' என்ற ஒலியே அந்த அறிவிப்பு. ஆயினும் "பழைய கார் என்றால் சத்தம் இருக்கத்தானே செய்யும்" என்று கூறி, வானொலியின் ஒலியைச் சற்றுக் கூட்டிவிட்டுப் பயணத்தைத் தொடர்வோர் எம்மத்தியில் குறைவல்லர்.

இந்த மனப்போக்குக்கு ஒரு வரலாறு உண்டு. மொறிஸ் மைனர், மொறிஸ் ஒக்ஸ்போட், ஒஸ்ரின் ஏ 40, ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் போன்ற பிரித்தானியக் கார்கள் அவை பிறந்த நாட்டின் வீதிகளிலிருந்து மறைந்த பின்னரும் யாழ். குடாநாட்டில் வாடகைக் கார்களாகவும் திருமண வீட்டு வாகனங்களாகவும் ஓடிக்கொண்டிருந்தன. 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோலும் உதிரிப்பாகங்களும் வராது போயின. சில துளி பெற்றோலில் இயந்திரத்தை இயக்கி, பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டிய காலம் அது. அதே ஆண்டு ஒக்டோபரில் வடக்கின் முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, யாழ். நகரில் இரும்புப் பொருள் வணிகம் நடத்திய குடும்பங்களும் அவர்களுடன் போயின. அந்தப் பேரிழப்பை உதிரிப்பாகக் கணக்கில் அடக்கிவிட முடியாது. எனினும், ஒரு நட்டுக்கும் ஒரு பெயாரிங்குக்கும் வீதி வீதியாக அலைந்தவர்கள் அதன் ஒரு சிறு பகுதியை நாளாந்தம் உணர்ந்தனர். லேத் பட்டறையில் கடைந்த புஷ்ஷும் பழைய ரயரில் வெட்டிய இறப்பர்த் துண்டுமே அன்று கைகொடுத்தன. ஒலியோடு வாழ்வது அன்று தவிர்க்க முடியாததாயிருந்தது.

இன்று நிலைமை வேறு. 2002இல் திறக்கப்பட்டு 2006 ஓகஸ்டில் மூடப்பட்ட ஏ 9 வீதி, 2009இல் போர் முடிந்த பின்னர் மீண்டும் திறக்கப்பட்டது. உதிரிப்பாகங்கள் விலை கூடியவையெனினும் கிடைக்கின்றன. ஆனால் வீதிகள் மாறியதில் ஓர் ஆபத்தும் மறைந்திருக்கிறது. பலாலி வீதியும் காங்கேசன்துறை வீதியும் குண்டும் குழியுமாக இருந்த காலத்தில் தேய்ந்த மூட்டு ஒவ்வொரு முழத்துக்கும் குரல் கொடுத்தது. காரும் மெதுவாகவே ஓடியது. காபெற் இட்ட வீதியிலோ அந்த ஒலி அடங்கிவிடுகிறது, வேகம் கூடிவிடுகிறது. நோய் குணமாகவில்லை, குரல் மட்டுமே அமுங்கியிருக்கிறது. அத்துடன் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீளத் திறக்கப்பட்டதால், பழைய வாகனத்தையே மேலும் சில ஆண்டுகள் ஓட்டவேண்டிய நிலை பலருக்கும் ஏற்பட்டதென்பதையும் மறுப்பதற்கில்லை.

ஆகவே, இந்த ஒலியை எவ்வாறு ஆராய்வது என்பதைச் சாரதிகளும் உரிமையாளர்களும் அறிந்திருத்தல் அவசியமாகும். முதற்கண் கேட்கவேண்டிய கேள்வி "எங்கே?" என்பதன்று, "எப்போது?" என்பதே. சிறு பள்ளங்களில் மெதுவாக இறங்கும்போது ஒலித்தால், சில்லைத் தாங்கும் கைகளின் இறப்பர் புஷ், சொக் அப்சோபரின் பிணைப்பு, போல் ஜொயின்ற் ஆகியவற்றில் ஐயம் கொள்ளலாம். நின்றபடி ஸ்ரியரிங்கைத் திருப்பும்போது ஒலித்தால், ரை ரொட் முனைகள், கிங் பின், ஸ்ரியரிங் பெட்டியைச் சட்டத்தோடு பிணைக்கும் போல்ட்டுகள் ஆகியன கவனிக்கத்தக்கவை. பிறேக் மிதிக்கும் கணத்தில் ஒருமுறை மட்டும் இடித்தால், கீழ்க்கையை முன்பின்னாக அசையாது பிடித்திருக்கும் கம்பியின் இறப்பர் தேய்ந்திருக்கக்கூடும். முன்சில்லால் இழுக்கப்படும் கார்களில் முழுமையாகத் திருப்பி வேகமெடுக்கும்போது 'கிளிக், கிளிக்' எனத் தொடர்ந்து கேட்டால், அது பெரும்பாலும் அச்சின் மூட்டாகும். இவை அனைத்துக்கும் முன்னர் சில்லு நட்டுகள் இறுக்கமாக உள்ளனவா, பற்றரியும் பெட்டிக்குள் கிடக்கும் ஜக்கும் அசைகின்றனவா என்று பார்த்துவிடுவது பணத்தையும் நேரத்தையும் மிச்சப்படுத்தும்.

இரண்டாவது பரிசோதனைக்கு இருவர் போதும். சில்லுகள் தரையில் நிற்க, இயந்திரத்தை நிறுத்திவிட்டு, ஒருவர் ஸ்ரியரிங்கைச் சிறிதளவு இடமும் வலமுமாக அசைக்கவேண்டும். மற்றவர் ஒவ்வொரு மூட்டின் மீதும் விரல்களை வைத்து உணரவேண்டும். மூட்டின் ஒரு பக்கம் அசைந்து, மறுபக்கம் சற்றுத் தாமதித்து அசையுமாயின், தேய்மானம் அங்கேதான். காது ஏமாறும், இரும்பு ஒலியை நெடுந்தூரம் கடத்துவதால் இடப்பக்கக் குறை வலப்பக்கத்தில் கேட்பதுண்டு. விரல் அவ்வாறு எளிதில் ஏமாறுவதில்லை.

மூன்றாவது, ஜக் வைத்துப் பார்ப்பது. பின் சில்லுகளுக்குக் கட்டை வைத்து, கைப் பிறேக் இழுத்து, உறுதியான தாங்கிகளில் காரை நிறுத்திய பின்னரே இதனைச் செய்யவேண்டும். ஜக்கை மட்டும் நம்பிக் காரின் கீழ் செல்வது உயிரோடு விளையாடுவதாகும். சில்லை மேலும் கீழும் பிடித்து அசைக்கும்போது ஆட்டம் தெரிந்தால், ஒருவர் பிறேக்கை மிதிக்க, மீண்டும் அசைக்கவேண்டும். ஆட்டம் மறைந்தால் குறை பெயாரிங்கில்; மறையாவிட்டால் கிங் பின்னில் அல்லது போல் ஜொயின்றில். இடமும் வலமும் பிடித்து அசைக்கையில் மட்டும் ஆட்டம் தெரிந்தால் ரை ரொட் முனைகளைப் பார்க்கவேண்டும். இங்கு ஒரு நுட்பம் உண்டு. கீழ்க்கையின் மீது ஸ்பிறிங் அழுத்தும் கார்களில் ஜக்கைக் கீழ்க்கைக்கு அடியிலேயே வைக்கவேண்டும். சட்டத்தில் வைத்துத் தூக்கினால் ஸ்பிறிங்கின் விசை மூட்டை இறுக்கிப் பிடித்துக்கொள்ள, தேய்ந்த மூட்டும் நல்லதுபோல் தோன்றும். இதை அறியாமையால் பல கார்கள் "குறை எதுவுமில்லை" என்று திருப்பி அனுப்பப்படுகின்றன.

மொறிஸ் மைனர் வைத்திருப்போர் குறிப்பாக அறியவேண்டியது ஒன்றுண்டு. 1948இல் அறிமுகமான இக்காரின் முன் சில்லு, மரை கொண்ட கீழ் மூட்டொன்றில் திரும்புகிறது. ட்ரணியன் எனப்படும் அம்மூட்டுக்கு ஒழுங்காகக் கிறீஸ் செலுத்தாவிடில் மரை தேய்ந்து, ஒருநாள் மூட்டு முற்றாகக் கழன்றுவிடும். அப்போது சில்லு உள்ளே மடிந்து, காரின் மூக்கு வீதியில் உராயும். மெதுவாகத் திருப்பும் வேளையில் இது நேர்ந்தால் செலவோடு போகும். வேகமாகச் செல்கையில் நேர்ந்தால் சொல்லவேண்டியதில்லை. சில்லைத் தரையிலிருந்து உயர்த்தி, பழைய கிறீஸ் வெளியே பிதுங்கும்வரை புதியதைச் செலுத்துவதே முறை. கடற்காற்றும் உப்பும் மணலும் கலந்த எமது தீவகப் பாதைகளில் ஓடும் கார்களுக்கு இது இன்னும் அவசியம்.

திருத்த வேலைகளிலும் சில தவறுகள் வழக்கமாகிவிட்டன. ஆராயாமலே முதலில் சொக் அப்சோபரை மாற்றுவது ஒன்று. ஸ்ரியரிங்கின் ஆட்டத்தைப் போக்கப் பெட்டியின் திருகை இறுக்கிவிடுவது மற்றொன்று. பழைய பெட்டி நேராகச் செல்லும் நிலையிலேயே அதிகம் தேய்ந்திருப்பதால், அங்கு சரியாகும்வரை இறுக்கினால் முழுமையாகத் திருப்பும்போது அது இறுகிப் பிடித்துக்கொள்ளும். புதிய இறப்பர் புஷ்களைச் சில்லு தொங்கிய நிலையிலேயே இறுக்குவதும் தவறு. கார் தரையில் நிற்கும்போது அவை முறுக்குண்டு, சில மாதங்களிலேயே கிழிந்துவிடும். எல்லாவற்றிலும் ஆபத்தானது, தேய்ந்த ஸ்ரியரிங் பாகங்களை ஒட்டுவேலையால் நிரப்புவதாகும். வெப்பம் உருக்கின் பதத்தைக் கெடுத்துவிடும்; வெளியில் பலமாகத் தோன்றும் பாகம் உள்ளே நொறுங்கும் தன்மையைப் பெற்றிருக்கும். தடைக்காலத்தின் கைவைத்தியத்தை இன்றும் தொடர்வதற்கு எந்த நியாயமும் இல்லை.

ஒலியோடு ஸ்ரியரிங்கில் ஆட்டம் கூடினாலோ, கார் ஒரு பக்கம் இழுத்தாலோ, ரயர் ஒரு விளிம்பில் மட்டும் தேய்ந்தாலோ அக்காரை ஆராயும்வரை ஓட்டாது நிறுத்திவைப்பதே அறிவுடைமை. வருடாந்த அனுமதிப்பத்திரத்துக்காகச் செய்யப்படும் புகைப் பரிசோதனை இம்மூட்டுகளைப் பார்ப்பதில்லை. புகைச் சான்றிதழ் கையிலிருப்பதால் கார் பாதுகாப்பானதென்று எண்ணிவிடக்கூடாது. பாடசாலைப் பிள்ளைகளையும் வைத்தியசாலைக்குச் செல்லும் நோயாளர்களையும் ஏற்றும் வாடகைக் கார்ச் சாரதிகளுக்கு இப்பொறுப்பு இரட்டிப்பாகும்.

விரலால் தொட்டு நோய் கண்ட மூத்த மெக்கானிக்குகள் ஒவ்வொருவராக ஓய்வுபெற்று வருகின்றனர். அவர்களது கராச்சுகளில் ஓரிரு இளைஞர்களாவது அமர்ந்து இவ்வறிவைப் பெற்றுக்கொள்ளவேண்டும். பழைய கார்களைப் பேணுவது எமது பெருமையாக இருக்கலாம். அப்பெருமை, அவற்றில் ஏறுவோர் பத்திரமாக வீடு திரும்பும்வரைதான். மணியோசை கேட்கும்போதே விலகிக்கொள்வோமாக.