வெடிப்பு வளருகிறதா?

சுவரில் வெடிப்பு கண்டால் என் அப்பா உடனே பூசி மறைக்க மாட்டார். பாறசாலைப் பக்கத்தில் கொத்தனார் வேலை பார்த்தவர். வெடிப்பின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டைச் சிமெண்ட் வைத்து ஒட்டி, பக்கத்தில் தேதி எழுதுவார். ஒரு மழைக்காலம் கழிந்தும் கண்ணாடி முழுசாக இருந்தால் வெடிப்பு நின்றுவிட்டது. உடைந்திருந்தால் சுவர் இன்னும் அசைகிறது. “வெடிப்பப் பாத்துப் பேடிக்காதே மக்களே, அது வளருதாண்ணு பாரு” என்பார்.

கட்டடப் பொறியாளனான பிறகும் என் கேள்வி அதுதான். கான்கிரீட் அழுத்தத்தைத் தாங்கும், இழுத்தால் பிளக்கும். அதற்காகத்தான் உள்ளே கம்பி. கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456 பொதுவாக 0.3 மில்லிமீட்டர் வரை வெடிப்பை ஏற்கிறது; கடுமையான சூழலில் 0.1 மட்டுமே. பூவாறு போன்ற கடலோரத்தில் உப்பு அந்த வழியே நுழைந்து கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு பெருத்தால் கான்கிரீட் பெயர்ந்து விழும்.

இன்று வெடிப்பைப் பார்ப்பதும் கண்ணாடிதான். வீட்டுக்கு இணையம் கொண்டுவரும் அதே ஒளியிழை. கண்ணாடியின் விட்டம் 125 மைக்ரான். இழைக்குள்ளேயே ஒளியால் நுண்ணிய வரிகளைப் பதிக்கலாம் என்று 1978-ல் கனடாவில் கென் ஹில் குழுவினர் கண்டார்கள். அந்த வரிகள் ஒரு குறிப்பிட்ட அலைநீள ஒளியை மட்டும் திருப்பி அனுப்பும். இழை இழுபட்டால் வரிகளின் இடைவெளி கூடும்; திரும்பும் அலைநீளமும் மாறும். நீளத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு கூடினாலே கருவி காட்டிவிடும். கான்கிரீட் பிளப்பதற்கு அதைப்போல் சுமார் நூறு மடங்கு நீட்சி தேவை. ஆகவே கண்ணில் படுமுன்பே கணக்கில் வந்துவிடும். 1993-லேயே கனடாவின் கால்கரி நகரப் பாலம் ஒன்றில் இதைப் பதித்துவிட்டார்கள்.

வெயிலும் அந்த அலைநீளத்தை மாற்றும் என்பதுதான் சிக்கல். ஒரு டிகிரி சூடு ஏறினாலே பத்து லட்சத்தில் ஏறத்தாழ எட்டுப் பங்கு நீட்சிபோலக் காட்டும். அதனால் கான்கிரீட்டோடு ஒட்டாத இன்னொரு இழையைப் பக்கத்தில் விட்டு, அதன் அளவைக் கழிப்பார்கள். எங்கள் ஊருக்கு இதில் ஒரு தனி நன்மை உண்டு. துலாவர்ஷ மழைக்கால இடியில் மின்சார உணர்கருவிகள் கெட்டுப்போகும்; ஒளியிழையில் மின்சாரமே ஓடுவதில்லை. துருவும் ஏறாது.

கொச்சி பாலாரிவட்டம் மேம்பாலத்தை நினைத்தால் இன்னும் மனம் வலிக்கிறது. 2016 அக்டோபரில் திறந்த பாலம். 2019 மே மாதம் மூடினார்கள். சென்னை ஐஐடி ஆய்வு கர்டர்களில் வெடிப்புகளைப் பதிவு செய்தது. எடை ஏற்றிச் சோதிப்பதா, இடித்துக் கட்டுவதா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2020 செப்டம்பரில்தான் மறுகட்டுமானத்துக்கு அனுமதி கிடைத்தது. 2021 மார்ச்சில் மறுபடி திறந்தார்கள். முதல் நாளிலிருந்தே கர்டருக்குள் இழை இருந்திருந்தால் வாதத்துக்குப் பதிலாக அளவு பேசியிருக்கும்.

இழை பதித்த இடத்தை மட்டுமே இழை அறியும்; சுத்தியல் தட்டிப் பார்க்கும் ஆளும் வேண்டும். 1966-ல் கட்டிய மாத்தூர் தொட்டிப்பாலம் போன்ற பழைய பாலங்களில் மேற்பரப்பில்தான் ஒட்ட முடியும். புதிய பாலங்களில் அந்தத் தடை இல்லை. இழை மலிவு, அதைப் படிக்கும் கருவிதான் லட்சக்கணக்கில் ஆகும். ஒரே கருவியைப் பல பாலங்களுக்குக் கொண்டுபோகலாம். எங்கள் பக்கத்தில் காரோடு வரை நீண்ட பைபாஸைப்போல இனி வரும் ஒவ்வொரு சாலைக்கும் டெண்டர் எழுதுகிறவர்கள், பெரிய பாலங்களின் கான்கிரீட் வார்ப்பிலேயே ஒளியிழை வேண்டும் என்றும், அளவுகளை ஆண்டுதோறும் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்றும் இரண்டு வரி சேர்க்க வேண்டும்.